வேட்டைக் கணக்கு

1845 ஜூன் 7ஆம் தேதி, இலங்கை மலைநாட்டில் ஹப்புத்தளை தங்குவிடுதியில், மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ் மின்னல் தாக்கி இறந்தார். சிலோன் ரைபிள்ஸ் படைப்பிரிவின் அதிகாரி; பதுளையில் உதவி அரசாங்க அதிபர். நுவரெலியாவில் புதைத்தார்கள். அந்தக் கல்லறை மீதும் மின்னல் விழுந்தது, ஒருமுறையல்ல, பலமுறை விழுந்தது என்று சொல்வார்கள். ரோஜர்ஸ் சுட்டுக் கொன்ற யானைகள் 1,400 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. (எழுதுகிறவரைப் பொறுத்து நூறு இருநூறு கூடும், குறையும்.)

இதை எனக்குச் சொன்ன நண்பர் பரம திருப்தியோடு சொன்னார். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்று பழமொழியும் சேர்த்துக்கொண்டார். இங்கே அன்றாடம் கொன்றுகொண்டிருந்தவனே அரசனுடைய ஆள்தான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. மோசமான சிறுகதைகள் இப்படித்தான் முடியும். ஒரு பாவி, ஒரு பாவம், ஒரு மின்னல். வாசகன் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டலாம். ரோஜர்ஸ் சுட்டதில் பாதி சுட்டதாகச் சொல்லப்படும் காப்டன் கால்வே மீது மின்னல் விழவில்லை. அதையொட்டி வரும் கணக்குடைய மேஜர் ஸ்கின்னர் மீதும் விழவில்லை. அவர் இலங்கைக்குச் சாலை போட்ட பெரியவர் என்று பெயரெடுத்து, ஐம்பதாண்டு நினைவுகளை எழுதிவைத்துவிட்டுப் போனார். 1891இல் அது புத்தகமாக வந்தது. யானைத் தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்துக்கொண்டிருந்த கொழும்பு அரசாங்கத்தின் மீதும் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

நான் வங்கி குமாஸ்தா. ஒரு பேரேட்டைத் திறந்தால் என்னென்ன பத்திகள் இருக்கின்றன என்று பார்ப்பது பழக்கம்; எதற்குப் பத்தி இல்லை என்று பார்ப்பது இன்னும் பெரிய பழக்கம். இலங்கையைப் பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயரின் வேட்டைப் புத்தகங்களை நான் இந்தப் பழக்கத்தோடுதான் படித்தேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த மூன்று வருஷத்தில் இவற்றைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. டிக்கன்ஸ் படித்த அதே லண்டன் வாசகர்களுக்காக, அதே ஆண்டுகளில் அச்சானவை இவை.

முதலில் அரசாங்கத்தின் கணக்கு. 1845 முதல் 1850 வரை இலங்கையில் காலனியச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னண்ட், 1859இல் வெளியிட்ட தம் பெரிய நூலில் இதைத் தருகிறார். 1848க்கு முன்பு மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தில் மட்டும் சன்மானம் கொடுக்கப்பட்டுக் கொல்லப்பட்ட யானைகள் 3,500. 1851க்கும் 1856க்கும் இடையில் தென்மாகாணத்தில், காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் நடுவே, 2,000. சன்மானம் தலைக்குச் சில ஷில்லிங். வடமாகாணம் என்றால் வன்னி, மன்னார்க் காடுகள். நம் மொழி பேசுகிற ஊர்களைச் சுற்றியிருந்த காடுகள். ரோஜர்ஸின் 1,400 இதன் பக்கத்தில் சில்லறை. ஆனால் 3,500 என்ற எண்ணுக்குக் கல்லறை கிடையாது, கதையும் கிடையாது. கூலிக்குச் செய்த கொலை என்பதால் ஆங்கிலக் கனவான்களின் கண்ணில் அது வேட்டையுமில்லை.

ஆங்கிலேயரின் வேட்டைத் தர்மம் என்பதே இங்கேதான் ஆரம்பமாகிறது. பணத்துக்காகச் சுடுகிறவன் கசாப்புக்காரன். சுடுவதற்காகவே சுடுகிறவன் கனவான். 'ஸ்போர்ட்' என்ற சொல்லை நாம் விளையாட்டு என்று மொழிபெயர்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். அது ஒரு வர்க்கத்தின் ஒழுக்க நூல். தூரத்தில் பதுங்கியிருந்து சுடக்கூடாது. பத்துப் பன்னிரண்டு தப்படி வரைக்கும் நெருங்கி நெற்றியில் சுடவேண்டும். காயம்பட்டதைப் பின்தொடர்ந்து போய் முடிக்க வேண்டும். ஆபத்துக்குச் சமபங்கு கொடுக்கவேண்டும். இலங்கையில் யானை வேட்டை மேலானது என்று இவர்கள் சாதித்ததெல்லாம் இந்த நெருக்கத்தை வைத்துத்தான். எப்படிக் கொல்வது என்பதற்கு இத்தனை விதிகள் உண்டு. எதற்காக என்று கேட்க ஒரு விதியும் இல்லை. தந்தத்துக்காக என்று சொல்லவும் வழியில்லை. இலங்கை யானைகளில் நூற்றில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இருக்காது என்று டென்னண்டே எழுதுகிறார். இறைச்சி பெரும்பாலும் கிடந்த இடத்தில் அழுகியது. வாலை வெட்டிக்கொண்டு போவார்கள். கணக்குக்கு வால்.

தமிழில் வேட்டம் என்ற சொல்லுக்கு வேட்கை என்றும் பொருளுண்டு. நம் சொல்லில் ஆசை மறைக்கப்படாமல் இருக்கிறது. ஆங்கிலச் சொல் ஆசையை விதியாக்கி, விதியைப் பெருமையாக்கிவிடுகிறது. இதற்காக நம் ஆட்கள் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஒரே அம்பால் துளைத்த வல்வில் ஓரியை வன்பரணர் புறநானூற்றில் வியந்து பாடியிருக்கிறார். அதுவும் ஒரு வேட்டைக் கணக்குதான். அதில் வேட்டையிறைச்சி பாணர்களின் வயிற்றுக்குப் போகிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம், சின்ன வித்தியாசமில்லை.

ஸாமுவேல் பேக்கருக்கு வருகிறேன். பின்னால் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியை ஐரோப்பாவுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்து ஸர் பட்டம் பெற்ற அதே பேக்கர். 1848இல் நுவரெலியாவில் குடியேறி, பண்ணை வைத்து, 1855இல் கிளம்பிப் போனார். இலங்கை வேட்டையைப் பற்றி இரண்டு புத்தகங்கள், 1854இலும் 1855இலும். திறமையான உரைநடை என்பதை மறுக்க முடியாது; வாக்கியம் குதிரை மாதிரி ஓடுகிறது. அதனாலேயே அதைக் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பயணத்தின் முடிவில் கணக்குச் சொல்கிறார்: மூன்று துப்பாக்கிகள், மூன்று வாரம், 50 யானைகள், ஐந்து மான், இரண்டு எருமை. இதற்கு அவர் உபயோகிக்கும் வினைச்சொல், பையில் போட்டுக்கொள்வதற்கான ஆங்கிலச் சொல். முயலையும் காடையையும் தோள்பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பிய இங்கிலாந்து நாட்டுப்புறத்தின் சொல் அது. யானையைப் போடப் பை கிடையாது. என்றாலும் சொல் அப்படியே கப்பலேறி வந்துவிட்டது. இறந்துபோன ஒரு பிராணியைப் பார்க்கவிடாமல் செய்ய இதைவிட எளிய வழி இல்லை.

இன்னொரு சொல் 'ரோக்'. தனித்துத் திரியும் ஆண் யானைக்கு அவர்கள் வைத்த பெயர். போக்கிரி என்று அர்த்தம். இலங்கைத் தமிழில் அதைத் தனியன் என்பார்கள். வளர்ந்த ஆண் யானை தாய்க்கூட்டத்தை விட்டுப் பிரிந்துபோய்த் தனியாகவோ மற்ற ஆண்களோடோ திரிவதுதான் அதன் இயல்பு என்பது இன்று பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். தனியன் என்ற சொல் கண்ணால் கண்டதைச் சொல்கிறது. ரோக் என்ற சொல்லோ குற்றப்பத்திரிகை, விசாரணை, தீர்ப்பு மூன்றையும் இரண்டு எழுத்தில் முடித்துவிடுகிறது. இனித் தண்டனைதான் பாக்கி. பேக்கரின் புத்தகத்தில் நீதிபதியும் தண்டனை நிறைவேற்றுகிறவரும் ஒருவரே. கூட்டமாக இருந்த யானைகள் என்ன குற்றம் செய்தன என்று கேட்டால் பதில் இல்லை. பெண் யானையும் குட்டியும் அடங்கிய கூட்டங்களைத்தான் ஒன்றுவிடாமல் முடித்ததாக உற்சாகத்தோடு எழுதுகிறார்.

அவருடைய முக்கியமான துப்பாக்கி, 1840இல் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் கம்பெனி அவருக்காகவே செய்து கொடுத்தது: எடை 21 பவுண்டு, குண்டு நாலு அவுன்ஸ். குழல்வாயில் மருந்து கெட்டித்துச் சுடுகிற காலம். ஒருமுறை சுட்டால் மறுபடி கெட்டிக்க நேரமில்லை. ஆகவே பின்னால் நாலைந்து பேர் நிரப்பிய துப்பாக்கிகளோடு நிற்பார்கள். கை நீட்டினால் அடுத்தது வர வேண்டும். அந்தப் பத்துத் தப்படித் தூரத்தில் அவர்களும்தான் நிற்கிறார்கள், கையிலிருப்பதைச் சுடும் உரிமை இல்லாமல். 'ஆபத்துக்குச் சமபங்கு' என்ற தர்மத்தில் இவர்களுக்கு என்ன பங்கு என்று எங்கேயும் பேச்சில்லை. அவன் பயந்து ஓடினால் மட்டும் பேச்சு வரும், கோழை என்று. பேக்கரின் நாய்களுக்குப் பெயர் உண்டு. கில்பக், ஸ்மட், புளூபியர்ட் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குணச்சித்திரமும் உண்டு, நல்ல நாவலாசிரியன் எழுதுவது போல. துப்பாக்கி தூக்கியவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. தடம் பார்த்துக் கொடுத்தவன், காட்டைக் கலைக்கத் தலைவன் உத்தரவின்பேரில் திரட்டிக் கொண்டுவரப்பட்ட கிராமத்தார், எல்லோரும் பன்மையில் வந்து பன்மையில் மறைகிறார்கள்.

காயம்பட்டுத் தப்பிப்போன யானைக்கும் பத்தி கிடையாது. யானையின் மூளை, தலையின் பருமனுக்கு மிகச் சிறிய இடத்தில், எலும்பறைகளுக்குப் பின்னால் இருக்கிறது. கொஞ்சம் தவறினால் யானை ஈயத்தைச் சுமந்துகொண்டு போய்விடும். எங்கோ பத்து நாள் கழித்து விழும், அல்லது விழாமல் சீழோடு அலையும். அப்படி அலைவது வயலில் இறங்கி ஒருவனைக் கொன்றால் அது போக்கிரி ஆகிவிடும்.

அந்தக் காலத்து மனிதர்களை அந்தக் காலத்தை வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்பது இதற்கெல்லாம் வழக்கமாக வரும் பதில். சரித்திரம் தெரிந்தவர்கள் சொல்கிற தோரணையில் இதைச் சொல்வார்கள். அந்தக் காலம் என்று ஒரே ஒரு மனம் இருந்ததுபோல! டென்னண்ட் அதே காலம், அதே தீவு, அதே அரசாங்கத்தின் உயர்ந்த நாற்காலிகளில் ஒன்று. யானையைச் சுடுவதற்கு மற்ற எந்த வேட்டையையும்விடக் குறைந்த திறமை போதும் என்று அவர் எழுதினார். அவ்வளவு பெரிய இலக்கு, அவ்வளவு கிட்டத்தில். பயிரை அழிக்கிறது என்ற சாக்கையும் அவர் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. வெறும் குச்சி வேலியைக்கூட யானை பெரும்பாலும் தாண்டுவதில்லை. அறுவடை முடிந்து வேலி திறக்கும்வரை காத்திருந்து தாளை மேய வருகிறது என்று தாம் கண்டதைச் சொல்கிறார். இதை எழுதிய மனிதர் செயலாளராக இருந்த காலத்தில்தான் வடமாகாணத்தின் 3,500 தலைக்குச் சன்மானம் பட்டுவாடா ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தெரியாமல் செய்தார்கள் என்ற சலுகையை அந்தக் காலத்துக்கு நாம் கொடுக்க முடியாமல் செய்துவிட்டவர் டென்னண்ட். அவருடைய நேர்மைக்கு இந்த அளவு மரியாதையாவது செய்ய வேண்டும்.

விவசாயியின் கஷ்டம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு ராத்திரியில் ஒரு வருஷத்து நெல் போவது நிஜம். பரணில் உட்கார்ந்து விழித்திருப்பவன் நிஜம். ஆனால் பேக்கரின் புத்தகத்தில் அவன் எப்போது வருகிறான் என்று பார்க்கவேண்டும். சாகசத்தை நியாயப்படுத்த ஒரு வரி தேவைப்படும்போது வருகிறான். வரி முடிந்ததும் போய்விடுகிறான். அவனுக்கு ஒரு துப்பாக்கியும் வேலிக்கு ஆளும் கொடுத்திருந்தால் போதுமா என்ற கேள்வி எழுவதே இல்லை.

இதற்கு முன்னால் யானைக்கு இலங்கையில் வேறு கணக்கு இருந்தது. கண்டி அரசர்களுக்கு யானை ராஜ சொத்து. அனுமதியின்றிக் கொன்றால் தண்டனை. வன்னியர்கள் போர்த்துக்கீசியருக்கும் பிறகு டச்சுக்காரருக்கும் திறை கட்டியது யானையாகத்தான். பிடித்த யானைகளை வன்னியிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கடத்திய இடத்துக்கு ஆனையிறவு என்று பெயர் நின்றுவிட்டது. அங்கிருந்து கப்பலேறி இந்தியாவுக்குப் போயின. ஏறாவூர் போன்ற கிழக்குப் பகுதி முஸ்லிம் ஊர்களில் பணிக்கர் என்ற யானை பிடிப்பவர்கள் இருந்தார்கள். இரண்டு பேர் தோல்கயிறோடு காட்டுக்குள் போய், பின்காலில் சுருக்குப் போட்டு மரத்தில் கட்டிவிடுவார்கள். டென்னண்ட் அவர்களுடைய தைரியத்தைப் பக்கம் பக்கமாக வியக்கிறார். இதை நான் பொற்காலமாக்கவில்லை. பிடிபட்ட யானைகளில் எத்தனையோ பழகுமுன்பே செத்தன. அது வியாபாரம். உயிரோடு இருந்தால்தான் விலை என்ற வியாபாரம். சந்தை போனதும், 1815இல் கண்டி விழுந்ததும், பண்டமாக இருந்த பிராணி இடைஞ்சல் ஆயிற்று.

எதற்கு இடைஞ்சல்? 1840இல் வந்த நிலச் சட்டம், பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடியரசின் நிலம் என்று அனுமானித்தது. காப்பித் தோட்டத்துக்காக மலைக்காடு ஏக்கர் ஏக்கராக விற்கப்பட்டது. வாங்கியவர்களில் ஆளுநரே உண்டு, அதிகாரிகளும் ராணுவத்தாரும் ஏராளம். யானை சுட்ட கனவான்களும் காடு விற்ற கனவான்களும் சாலை போட்ட கனவான்களும் மூன்று கூட்டமல்ல, ஒரே கூட்டம். பல சமயம் ஒரே ஆள்.

அந்தக் காப்பிக்கு ஆள் போனது இங்கிருந்து. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து. தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேல் வறண்ட காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். தண்ணீர் இல்லை, காலரா, அம்மை, காய்ச்சல். விழுந்தவனை விட்டுவிட்டுக் கூட்டம் நடந்தது. வடமாகாணத்தில் யானைகள் தலைவாரியாக எண்ணப்பட்ட அதே 1840கள், அதே காடு. 1840களில் அந்த வழியிலும் தோட்டத்திலும் செத்தவர்கள் எழுபதாயிரம் வரை இருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. அவ்வளவு இருக்கவே முடியாது என்று மறுத்தவர்கள் உண்டு. இன்றும் சரித்திரக்காரர்கள் சண்டை போடுகிறார்கள். யானையின் எண்ணிக்கையில் சண்டை இல்லை; வால் கொடுத்தால்தான் பணம், ஆகவே ரசீது இருந்தது. மன்னார்ச் சாலையில் விழுந்த மனிதனுக்கு யாரும் யாருக்கும் பணம் தர வேண்டியிருக்கவில்லை.

வேட்டை இலக்கியத்தின் தார்மீகப் பொய் என்று நான் நினைப்பது இதைத்தான். குரூரம் என்று சொல்லிவிட்டால் விஷயம் சிறிதாகிவிடுகிறது. காட்டில் இரண்டே பேர் இருப்பதாக அது பாவனை செய்கிறது: ஒரு கனவான், ஒரு மிருகம். இருவருக்கும் நடுவில் எவ்வளவு கண்ணியம் வேண்டுமானாலும் காட்டலாம். மற்ற எல்லோரையும் முன்கூட்டியே காட்டை விட்டு அனுப்பிவிட்டாயிற்று.

இந்தப் பாவனை உடைந்தது என்று சொன்னால் ஆர்வெல்லைத்தான் சொல்லவேண்டும். பர்மாவில் 1922 முதல் 1927 வரை போலீஸ் அதிகாரியாக இருந்தவர், மோல்மீனில் யானையைச் சுட்டதைப் பற்றி 1936இல் எழுதிய கட்டுரை. பின்னால் நிற்கும் கூட்டம் எதிர்பார்க்கிறது என்பதற்காக, சுட விருப்பமில்லாமல் சுடுகிறான். இதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறவன், மதத்தில் இருந்த யானையின் காலடியில் நசுங்கிச் சேற்றில் கிடப்பவன். அவன் ஒரு திராவிடக் கூலி என்று ஆர்வெல் குறிப்பிடுகிறார். அவன் செத்ததால் யானையைச் சுட்டது சட்டப்படி சரியாகிவிடுகிறது. ஒரு கூலியைக் கொன்றதற்காகவா இவ்வளவு விலையுள்ள யானையைச் சுடுவது என்று இளம் வெள்ளைக்காரர்கள் அங்கலாய்க்கிறார்கள். யானைக்கும் கூலிக்கும் விலைவாசி ஒப்பிடப்படுகிறது. நூறு வருஷமாக இரண்டு தனித்தனிப் பேரேடுகளில் இருந்தவை அந்த ஒரு பக்கத்தில் ஒன்றாக வந்துவிடுகின்றன. ஆர்வெல் அந்த மனிதனுக்குப் பெயர் தரவில்லை என்பதும் உண்மை. சம்பவம் நடந்ததா, கற்பனையா என்ற ஆராய்ச்சியில் எனக்கு அக்கறையில்லை.

இலங்கையில் வேட்டைக்காரர்களே பின்னால் பாதுகாவலர்கள் ஆனார்கள். 1894இல் வேட்டை மிருகங்களைப் பாதுகாக்க ஒரு சங்கம் கண்டார்கள். அது இன்றும் வேறு பெயரில் நல்ல காரியங்களே செய்துவருகிறது. 1900இல் யால காடு ஒதுக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி தீவில் வசிக்கும் வேட்டைக் கனவான்களுக்கென்றே தனியாக ஒதுக்கப்பட்டது. 1908இல் அங்கே முதல் காவலராக வந்தவர் எங்கல்பிரெக்ட். போயர் யுத்தக் கைதியாக வந்து, மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, ஊர் திரும்ப முடியாமல் தங்கிவிட்டவர். லைசென்ஸ் வந்தது, காலவரையறை வந்தது. கொழும்பிலிருந்து ரயிலில் வருபவன் ஸ்போர்ட்ஸ்மன். காட்டு ஓரத்தில் பிறந்து கட்டைத் துப்பாக்கியோடு மானுக்குப் போகிறவன் திருடன். இதனால் மிருகங்கள் பிழைத்தன என்பதை மறுக்க மாட்டேன். பேக்கர் வேட்டையாடிய மின்னேரியா 1997இல் தேசியப் பூங்காவாயிற்று. கோடையில் குளக்கரையில் கூடும் யானைகளைப் பார்க்க உலகமெங்கிலுமிருந்து வருகிறார்கள். 2011இல் தீவு முழுவதும் எண்ணியபோது 5,879 யானைகள் இருந்தன.

எங்கல்பிரெக்ட் காவலராக வந்த அதே 1908இல் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் லெனார்ட் வுல்ஃப். ரோஜர்ஸ் பதுளையில் வகித்த அதே பதவி. 1911 வரை இருந்தார். பிறகு உத்தியோகத்தை விட்டுவிட்டு 1913இல் ஒரு நாவலை வெளியிட்டார். காட்டுக்குள் இருக்கும் ஒரு கிராமத்தைப் பற்றியது. அதன் நாயகன் சிலிந்து. முந்தைய புத்தகங்களில் தடம் பார்த்துக் கொடுத்துவிட்டுப் பன்மையில் மறைந்துபோனவர்களில் ஒருவன். அவனுக்கு இங்கே பெயர் இருக்கிறது, இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், கடன் இருக்கிறது, கிராமத் தலைவனும் வட்டிக்காரனும் அவனைச் சுற்றி வளைக்கிறார்கள். தன்னை வேட்டையாடிக்கொண்டிருப்பவர்கள் இவர்கள்தான் என்பது அவனுக்கு மெள்ளப் புரிகிறது. புரிந்ததும், நீர்நிலைக்கு வரும் மிருகத்துக்காகக் காத்திருக்கும் அதே நிதானத்தோடு, அதே பழைய துப்பாக்கியால் இருவரையும் சுடுகிறான். சுட்டுவிட்டு ஓடவில்லை. காட்டில் ஒளிந்தால் அவனை யாரும் பிடித்திருக்க முடியாது. அதிகாரியின் வீட்டுக்கு நடந்துபோய்த் தான் செய்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறான்.